ஒரு நிலை மேலே

மூன்றாம் நிலையின் மரத்தட்டில் கையை ஊன்றி, முழங்கால்களை ஒவ்வொன்றாக இழுத்து மேலே வைத்து, சுவாமிநாதன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அவர் நான்காம் நிலைக்குப் போய்விட்டதாகக் கீழே ஒலிபெருக்கி அறிவித்தது.

"பாரதத்தின் கோபுரங்களையெல்லாம் காலால் அளந்த நமது உச்சிச் செம்மல், இதோ நாலாம் நிலைச் சாளரத்தில் காட்சி தருகிறார். அய்யா அவர்கள் கையசைக்கிறார்கள்."

கைதட்டல் கேட்டது. அவர் கையசைக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மணியனுக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கும் மணியன், கையில் மைக் கிடைத்துவிட்டால் கூட்டம் நூறு என்றால் ஆயிரம் என்பான், இரங்கல் கூட்டத்தில்கூட இறந்தவருக்குப் பத்து வயது கூட்டிச் சொல்வான். ஒரு நிலை கூடிப்போனதில் அதிசயம் என்ன இருக்கிறது.

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் அந்தக் கோபுரம் எழும்பியதற்குப் பக்தியைவிடப் பக்கத்து ஊர்தான் காரணம். அங்கே ஐந்து நிலை. ஆகவே இங்கே ஏழு. கும்பாபிஷேகம் முடிந்து நாற்பத்தெட்டாம் நாள் அன்றைக்கு. வெளிச்சாரத்தைப் பிரித்து மூங்கில்களையும் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே மர ஏணிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. புதுச் சுண்ணாம்பும் இனாமல் பெயிண்டும் ஈரமரமும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. இன்னும் வௌவால்கூடக் குடிவராத கோபுரம். அதற்குப் பழங்கதை எதுவும் கிடையாது, அதில் யாரும் தவறி விழுந்ததில்லை, யாரும் நாண்டுகொண்டதில்லை. கல்வெட்டில் இருந்த நன்கொடையாளர் பெயர்களைத் தவிர அதற்கு வரலாறே இல்லை.

அந்தக் கல்வெட்டில் முதல் பெயர் சுவாமிநாதனுடையது. ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரி வைத்திருந்தாலும், குச்சிக்கிழங்கு மாவால் மட்டும் ஒருவருக்குப் புகழ் வந்துவிடுவதில்லை. அவருக்குப் புகழ் வந்தது உயரத்தால். எழுபத்தாறாம் வருஷம் டெல்லிக்குப் போய்க் குதுப்மினாரில் ஏறினார். அடுத்த வருஷம் சார்மினார். பிறகு பிஜாப்பூர் கோல்கும்பஸ், சென்னையில் கலங்கரை விளக்கம். எட்டு வருஷத்தில் அவர் ஏறாத உசரம் வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை. ஊர் திரும்பியதும் 'உச்சியில் நான் கண்டவை' என்று ராசிபுரத்திலோ வெண்ணந்தூரிலோ ஒரு சொற்பொழிவு நடக்கும். பள்ளிக்கூட ஆண்டுவிழா என்றால் இன்னும் நீளமாக நடக்கும்.

உண்மையில் அவருக்குச் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும்.

எந்த ஊரானாலும் முறை ஒன்றுதான். எல்லோரும் பார்க்க வாசலில் நுழைவார். முதல் திருப்பத்தில், வெளியிலிருந்து தெரியாத ஒரு படியில் உட்கார்ந்துகொள்வார். டிரைவர் சின்னண்ணன் மட்டும் உச்சிக்குப் போய்விட்டு வந்து எதிரில் குந்துவான். "என்னப்பா தெரிஞ்சுது?" என்று இவர் கேட்பார்.

"ஆறு ஒண்ணு போவுதுங்க மொதலாளி. பெல்ட்டக் கழட்டி வீசுனாப்பல வளஞ்சு கெடக்குது. வண்டியெல்லாம் தீப்பொட்டியாட்டம் இருக்குதுங்க. காத்து வேட்டிய உருவுதுங்க."

மேடைக்கு வரும்போது பெல்ட்டு, யமுனை நங்கையின் மேகலையாகிவிடும். வேட்டியை உருவிய காற்று, தென்றலாகிவிடும். சின்னண்ணன் சொல்லி முடித்ததும் சுவாமிநாதன் கூஜாத் தண்ணீரில் துண்டை நனைத்து நெற்றியில் ஒற்றி வியர்வை உண்டாக்கிக்கொண்டு எழுந்திருப்பார். "சரி. நீ இங்கயே இரு. நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்பார். கால் மணி நேரம் கழித்துத்தான் சின்னண்ணன் வெளியே வரவேண்டும்.

இது தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான் என்று சுவாமிநாதன் நம்பினார். மனைவி வசந்தாமணிக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

இன்றைக்கு அந்த முறை நடக்கவில்லை. காரணம் மயில்சாமி. நாமக்கல்லில் ஆறு லாரி ஓட்டுகிறவர். சுவாமிநாதனின் மகள் சாரதாமணியைத் தன் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முக்கால்வாசி முடிந்து, தட்டு மாற்றுவதுதான் பாக்கி. மண்டல பூஜைச் சாப்பாட்டுப் பந்தியில் அவர் பாயசத்தைக் கையால் வழித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"சம்மந்தி ஏறாத எடமே இல்லீங்களாமா. நானும் டெல்லிக்கு லோடு போனவன் தானுங்க. குதுப்மினாரு படி எத்தனைங்க?"

"படியை யாருங்க எண்ணுனா. நான் பாத்தது ஆகாயத்தைங்க."

"அது செரி. இங்க நம்மூர்லயே ஒண்ணு நிக்குதே. சாயந்தரம் உள்வாசல அடைக்கறாங்களாமா. அதுக்கு மிந்தி ஒருக்கா ஏறிக் காட்டுங்க, பாப்பம். பொண்ணு எடுக்கற ஊட்டுல பேச்சும் செயலும் ஒண்ணா இருக்கோணும் பாருங்க. எனக்கு அது ஒண்ணுதான்."

விழாக் குழுவினர் அதை ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டு உடனே மைக்கில் சொல்லிவிட்டார்கள். சின்னண்ணன் கோபுர வாசலை நோக்கி நகர்ந்தபோது மயில்சாமி அவன் தோளில் கையைப் போட்டு நிறுத்தினார். "நீ எங்க சாமி போற? எங்கூட நில்லு, பேசிக்கிட்டிருப்பம்."

வசந்தாமணி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அருகே வந்தார். "ஏனுங்க, ரெண்டு நெலையோட எறங்கிருங்க. வவுத்து வலின்னு நாஞ் சொல்லிக்கறேன்."

அவர் சிரித்தார். உச்சிச் செம்மலுக்கு வயிற்று வலி வரலாமா. மகளின் கல்யாணமும் எட்டு வருஷப் பேரும் ஏழு ஏணிகளின் மேல் நின்றன. மாலை நாலு மணிக்கு உள்ளே நுழைந்தார்.

இப்போது மூன்றாம் நிலையில், சாளரத்தின் ஓரமாக, மண்டியிட்டபடியே நகர்ந்து போய்க் கீழே எட்டிப் பார்த்தார். கோயில் வாசல் முழுக்கத் தலைகள், எல்லாம் அண்ணாந்திருந்தன, எல்லாக் கைகளும் புருவத்தின்மேல் இருந்தன. நடுவில் வெள்ளைச் சட்டையில் மயில்சாமி, அவர் கைக்கடியில் சின்னண்ணன். துண்டை எடுத்து ஆட்டினார் சுவாமிநாதன். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் அவர் தலைக்கு மேலே, சரியாக ஒரு நிலை மேலே நிலைத்திருந்தன. பிறகு, யாரோ கேட்டுக்கொண்டது போல, கூட்டம் முழுவதும் சேர்ந்து அந்த இடத்தை நோக்கிக் கையசைத்தது.

முதலில் அவருக்கு வந்தது கோபம்தான். பெயிண்டர் எவனோ சாமான் எடுக்க வந்து உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான். தனக்கு வரவேண்டிய கைதட்டலை அவன் வாங்கிக்கொண்டிருக்கிறான். பிறர் ஏறிய உயரத்துக்குத் தான் கைதட்டல் வாங்கியது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை. கோபம் கால்நடுக்கத்தை அடக்கியது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஏணியில் ஏறினார்.

மேலே பலகை முனகியது. யாரோ எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிற சத்தம். பிறகு ஏணிப் படிகள், ஒன்று, இரண்டு, மூன்று, அவசரமில்லாமல். இவர் நான்காம் நிலையில் தலையை நீட்டியபோது அந்தச் சத்தம் ஐந்தாம் நிலைக்குப் போய்விட்டிருந்தது.

நான்காம் நிலை காலியாக இருந்தது. கிழக்கிலும் மேற்கிலும் சாளரங்கள். மேற்குச் சாளரத்தின் வழியாகச் சாய்ந்த வெயில் தரையில் ஒரு நீண்ட மஞ்சள் பட்டையைப் போட்டிருந்தது. சுவர் தேய்த்தபோது உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் தரை முழுவதும், தங்கள் பேக்டரிக் களத்தில் மாவு பரப்பியது போல, மெல்லிசாகப் படிந்திருந்தது.

அதில் ஒரு காலடிகூட இல்லை.

"ஐந்தாம் நிலை," என்றது ஒலிபெருக்கி. "அய்யா அவர்கள் துண்டைச் சுழற்றுகிறார்கள். எத்தனை அழகு பாருங்கள்."

சுவாமிநாதன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். துண்டு அங்கேதான் இருந்தது.

"யாருப்பா மேல?" என்றார். கூட்டத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலை அடக்கித்தான் கேட்டார்.

மேலே அசைவு நின்றது. அது காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது. தூரத்தில் சேலம் ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றி ஏறுகிற சத்தம். வேறு சத்தமே இல்லை. பிறகு ஏணிப் படிகள் மறுபடி முனக ஆரம்பித்தன. ஒன்று. இரண்டு. மூன்று. முன்பு போலவே நிதானமாக.

"ஆறாம் நிலை. மாப்பிள்ளை வீட்டார் மயில்சாமி அவர்களே கைதட்டுகிறார்கள்."

அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ தளர்ந்தது. மயில்சாமி கைதட்டுகிறார் என்றால் காரியம் முடிந்தது. இனி மேலே போக வேண்டிய அவசியம் என்ன? யாரோ ஏறுகிறார்கள். பேர் அவருக்கு. எட்டு வருஷமாக நடப்பதுதானே. பயம் இருந்தது, ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில், பழகின திண்டில் சாய்ந்தது போன்ற ஒரு நிம்மதியும் இருந்தது. சாளர வெளிச்சம் படாத மூலையாகப் பார்த்து, சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தார். கீழே போய்ப் பேசவேண்டிய பேச்சுக்கு ஒரு முடிவுகூட அவருக்குத் தோன்றியது.

"ஏழாம் நிலை. அய்யா அவர்கள் உச்சியைத் தொட்டுவிட்டார்கள்."

வேட்டு வெடித்தது. கொட்டு முழங்கியது. கோபுரத்தின் உடம்பு முழுவதும் அதிர்ந்து, மேலிருந்து பொடி உதிர்ந்து அவர் வழுக்கையிலும் மடியிலும் விழுந்தது. தட்டிவிட்டார். மறுபடி விழுந்தது.

"அய்யா அவர்கள் இப்போது இறங்கத் தொடங்குகிறார்கள்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோபுரத்துக்கு ஏணி ஒன்றுதான். எது இறங்கினாலும் இந்த வழியாகத்தான் இறங்கவேண்டும்.

ஏணி வழிக்குத் தவழ்ந்து போனார். அந்தச் சதுர ஓட்டையில் கீழே எட்டிப் பார்த்தார். ஏணிக்கு அடியில் ஏணி, அதற்கும் அடியில் இருட்டு. வாழ்நாளில் அவர் எந்த உயரத்திலிருந்தும் இறங்கியதில்லை. முதல் திருப்பத்திலிருந்து எழுந்து வந்ததுதான் உண்டு. காலைத் தொங்கவிட்டுப் படியைத் தேடினார். படி கிடைக்கவில்லை. கால் வெறும் காற்றில் துழாவியது. தலை சுற்றியது. காலை மேலே இழுத்துக்கொண்டார்.

ஆறாம் நிலைப் பலகை முனகியது.

மூலைக்கே திரும்பிப் போனார். முழங்காலைக் கட்டிக்கொண்டார். மேலிருந்து ஒரு வாசனை இறங்கி வந்தது. செம்பருத்தி எண்ணெய். பன்னீர்ப் புகையிலை. வசந்தாமணி காலையில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சலவை வேட்டி. அது அவருடைய வாசனை. அவர் தன் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு. பெயிண்ட். வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் நிலை.

ஏணியின் மேல்படி. அதற்கடுத்த படி. ஓட்டை வழியாக இரண்டு பாதங்கள் இறங்கின. உள்ளங்கால் வெள்ளை. அதற்கு மேல் வேட்டி. அவர் கட்டியிருந்ததே போல மயில்கண் கரை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அது தரையில் கால் வைத்தது. நடந்து வந்தது. அவர் எதிரில் நின்றது. பிறகு முழங்கால் மடங்கும் சத்தம். குந்தியது. மூச்சுச் சத்தம் இல்லை. எதற்காகவோ காத்திருந்தது.

எதற்கு என்று அவருக்குத் தெரியும். வாயை இறுக்கி மூடினார். ஆனால் எட்டு வருஷப் பழக்கம் அவரைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

"என்னப்பா தெரிஞ்சுது?" என்றார்.

அது சொன்னது. அவருடைய குரலில், அவருடைய மேடைத் தமிழில் சொன்னது. "கிழக்கே கொல்லிமலை நீலப் பட்டுடுத்தி நிற்கிறாள். மேற்கே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பின் ஊர்வலமாகச் செல்கின்றன. களங்களில் மாவு காய்வது, நிலமகள் நிலாவைப் பிழிந்து உலர்த்தியதுபோல் இருக்கிறது." நிறுத்தியது. அடுத்ததைச் சாதாரணமாகச் சொன்னது. "கீழ ஒரு கூட்டம் அண்ணாந்து நிக்குது. அவங்களுக்கு யாருங்கறது பெருசில்ல. அங்க ஒருத்தர் நிக்கோணும். அவ்வளவுதான்."

அவர் தோளிலிருந்து துண்டு உருவப்பட்டது. உருவிய விரல் கழுத்தில் பட்டது. ஈரப் பூச்சு போலச் சில்லென்று இருந்தது.

"சரி. நீ இங்கயே இரு. நான் போய்ச் சொல்லிக்கறேன்."

படிகள் கீழ்நோக்கி முனகின. மூன்று. இரண்டு. ஒன்று.

கீழே ஆரவாரம் எழுந்தபோதுதான் கண்ணைத் திறந்தார். கிழக்குச் சாளரத்துக்கு எழுந்து போகப் பார்த்தார். கால்கள் கனத்தன, தரையில் இழுத்துக்கொண்டு போனார். சாளரத் திண்டில் ஏறி, சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று, வலக்கையைத் தூக்கினார். இத்தனை உயரத்தில் எழுந்து நின்றது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. தலை சுற்றவில்லை.

கோபுர வாசலிலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். மேலிருந்து பார்க்க அவருடைய வழுக்கை தெரிந்தது. சுவாமிநாதன் தன் வழுக்கையை இதுவரை பார்த்ததில்லை. நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மாலை விழுந்தது. மயில்சாமி அவரைக் கட்டிக்கொண்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் சொன்னது ஊருக்கே கேட்டது.

"சம்மந்தி, நான் ஒரு மாதிரி நெனச்சுப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. தையிலயே முகூர்த்தம் வெச்சர்லாம்."

"மேலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒன்றுதான் சம்மந்தி," என்றது ஒலிபெருக்கியில் அவர் குரல். கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

வசந்தாமணி வந்து அந்த மனிதரின் கையைப் பிடித்தார். உடனே விட்டார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். முந்தானையில் துடைத்தார். துடைத்த இடத்தில் முந்தானை வெளுத்தது.

சுவாமிநாதன் கத்தினார். வசந்தாமணியைப் பேர் சொல்லிக் கத்தினார். தொண்டையில் காற்று அசைந்த உணர்வே இல்லை.

சின்னண்ணன் மட்டும் மேலே பார்த்தான். முதலில் ஏழாம் நிலையை, பிறகு ஒவ்வொன்றாகக் கீழே, நாலாம் நிலைவரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் கண் அங்கே நின்றது. வாய் சற்றே திறந்தது. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

"சின்னண்ணா," என்றார் மாலை போட்டிருந்தவர். "வண்டிய எடு."

சின்னண்ணன் நின்றான். மேலே பார்த்தான். அவரைப் பார்த்தான். எட்டு வருஷமாக அந்தக் குரல் சொன்னதைச் செய்தவன். சாவியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

"அன்பர்களே, நல்ல நேரம் முடிவதற்குள் கோபுர உள்வாசலை அடைத்துப் பூச வேண்டியிருப்பதால் அனைவரும் விலகி நிற்கவும். இனி பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த கும்பாபிஷேகத்துக்குத்தான் திறக்கப்படும்." மணியன் இந்தத் தடவை ஆண்டைக் கூட்டிச் சொல்லவில்லை.

செங்கல் அடுக்கும் சத்தம் அடியிலிருந்து ஏணி வழியாக ஏறி வந்தது. கரண்டி உரசும் சத்தம். மறுபடி செங்கல். ஏணி ஓட்டையின் அடியில் மங்கலாக மிச்சமிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு இல்லை.

கார் கிளம்பியது. கூட்டம் கலைந்தது. மைக் செட்காரர்கள் ஒயரைச் சுருட்டினார்கள்.

கடைசியாக ஒருவர் போனார். தோளில் ஒரு சின்னப் பெண். அவள் கையை நீட்டினாள்.

"அப்பா, அது அழுவுது."

அவர் அண்ணாந்தார். நேராக சுவாமிநாதனின் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார்.

"பொம்மைக்கு அடிச்ச பெயிண்டு, சாமி. இன்னும் காயலே."

செருப்பைக் கழற்றினார். குழந்தையை இறக்கிவிட்டார். இரண்டு கைகளையும் கூப்பி, அதே கண்களைப் பார்த்து, ஏதோ வேண்டிக்கொண்டார். குழந்தையின் கைகளையும் சேர்த்துவைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சுவாமிநாதன் கையை இறக்கப் பார்த்தார்.

வெயில் இறங்கியது. மாவுக் களங்கள் மஞ்சளாகி, சாம்பலாகின. ஒரு காகம் வந்து அவர் தூக்கிய கையில் உட்கார்ந்தது. அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவர் விரலில் தேய்த்தது. பிறகு சாவகாசமாகத் தலையைச் சாய்த்து, மூட முடியாமல் திறந்திருந்த அவர் கண்ணை, மிக அருகில் வந்து பார்த்தது.